எவ்வளவு என்று மட்டும் கேட்டவர்

அவர் கதிரையில் இருந்து நான் கண்டதில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த நான்கு தடவையும் தரையில்தான் இருந்தார். வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றிக் கைபிடியில் கொழுவிவிட்டு, நேரே கிணற்றடிக்குப் போய் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவுவார். நாங்கள் நீட்டுகிற துவாயை வாங்கமாட்டார். ஈரக் கைகளை உதறி, காற்றில் காயவிட்டபடியே உள்ளே வந்து, பிள்ளை கிடந்த பாய்க்குப் பக்கத்தில் சப்பாணி கொட்டி இருப்பார். கதிரையை இழுத்துப் போட்டால், "வேண்டாம் ரீச்சர், பிள்ளை கிடக்கிற உயரத்தில இருந்தாத்தான் எனக்கு வடிவாத் தெரியும்" என்பார்.

அன்புவழிபுரத்தில் எங்கள் பகுதிக்கு அரசாங்கம் போட்டிருந்த மருத்துவிச்சி அவர். எல்லோருக்கும் 'மிஸ்'. எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது, அவருக்கு இருபத்தேழோ இருபத்தெட்டோ இருக்கும். அந்த நாட்களில் மனதுக்குள் நான் அவரை 'அவள்' என்றுதான் சொல்லிக்கொண்டேன். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அவரால் இனி எனக்கு ஒன்றும் ஆகவேண்டியதில்லை என்ற பிறகு வந்த மரியாதை இது.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. மற்ற மருத்துவிச்சிகள், "பிள்ளைக்குப் பாலைத் தவிர வேற ஏதும் குடுத்தனீங்களோ?" என்று கேட்பார்கள். அதற்கு எந்தத் தாயும் "இல்லை மிஸ்" என்றுதான் சொல்லுவாள். இவர் அப்படிக் கேட்கமாட்டார். "குடுத்தனீங்களோ எண்டு நான் கேக்கேல்ல. குடுத்தது எவ்வளவு எண்டு மட்டும் சொல்லுங்கோ. கையால காட்டினாலும் சரி" என்பார். அப்படிக் கேட்டால் பொய் சொல்ல மனம் வராது. சீனித் தண்ணியோ, தேனோ, வசம்போ, வாயில் இருப்பது வெளியே வந்துவிடும். அவரும் "ஓம், சரி, இனி வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். ஏசமாட்டார். அவர் ஏசி யாரும் கேட்டதில்லை.

அவ்வளவு சுகமாக உண்மை சொல்ல வழிவிட்ட ஒருவரிடம் பொய் சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

மகன் பிறந்து ஒரு கிழமைக்குள் வயிற்றில் காற்று நிற்கத் தொடங்கிவிட்டது. பகல் முழுக்கச் சாந்தமாகக் கிடப்பான். பின்னேரம் நாலரை, ஐந்து மணியானால் முகம் சிவக்கும், முழங்கால் இரண்டும் வயிற்றோடு மடங்கும், கை இறுகும். பிறகு விளக்கு வைக்கிற நேரம் வரை ஒரே வீரிடல்தான். துறைமுகப் பக்கம் கப்பல் ஊதினால் அதற்கும் சேர்த்து அழுவான். கணவருக்குச் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிப் பக்கம் வேலை. கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அவர் வேலை முடிந்து வெளியே வரும்வரை நானும் பிள்ளையும்தான். அம்மா நான் படிக்கிற காலத்திலேயே போய்விட்டார். அடுத்த ஒழுங்கையில் இருக்கிற மச்சாள் மத்தியானம் வந்து எனக்குப் பத்தியச் சமையல் செய்து வைத்துவிட்டுப் போய்விடுவார்.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். மனிதச் சமிபாட்டுத் தொகுதியைப் பதினான்கு வருடம் கரும்பலகையில் கீறியிருக்கிறேன். ஆகவே பிள்ளை வளர்ப்பையும் நேரசூசியாகப் போட்டுவிட்டேன். ஒரு கொப்பியில் கோடு கீறி, வலப்பக்கம் பத்து நிமிடம், இடப்பக்கம் பத்து நிமிடம், குடித்ததும் ஏவறை வந்ததா இல்லையா, மலம் என்ன நிறம் என்று நிரல் நிரலாக எழுதினேன். பத்து நிமிடம் ஆனதும், அவன் உறிஞ்சிக்கொண்டிருந்தாலும் வாயில் சுண்டுவிரலை விட்டுக் கழற்றி மற்றப் பக்கம் மாற்றுவேன். மணி அடித்தால் பாடம் முடிந்ததுதானே.

ஒன்பதாம் நாள் மிஸ் இரண்டாம் முறையாக, பின்னேரம் வந்தார். அழுகை தொடங்கியிருந்தது. பிள்ளையை நீட்டினேன். உடனே வாங்கவில்லை. கொப்பியை எடுத்து முதற்பக்கத்திலிருந்து கடைசி வரை ஆறுதலாக வாசித்தார்.

"நல்ல வடிவான எழுத்து ரீச்சர்."

"பிள்ளை கத்துறான் மிஸ்."

"ஓம், கேக்குது. ஆனா அவனுக்கு மணிக்கூடு தெரியாது ரீச்சர். ஒரு பக்கம் வயிறு நிறையக் குடிச்சிட்டுத் தானா விடட்டும். முதல்ல வாறது தண்ணிப் பால், அது தாகத்துக்கு. பசிக்கு வாற கொழுத்த பால் பிறகுதான் வரும். அது வரமுதல் நீங்கள் பறிச்சு மற்றப் பக்கம் போடுறீங்கள். அங்கயும் தண்ணிப் பால்தான். வயித்தில காத்து நிக்காம என்ன செய்யும்?"

அதன் பிறகுதான் பிள்ளையை வாங்கினார். தன் இடது முன்னங்கையில் அவனைக் குப்புறப் போட்டார். கன்னம் அவருடைய முழங்கை மடிப்பில், வயிறு கையில் அழுந்த, கால் இரண்டும் இரண்டு பக்கமும் தொங்கின. மற்றக் கையை முதுகில் வைத்துக்கொண்டு எழுந்து, வாசலுக்கும் அறைக்குமாக நடந்தார். தட்டவில்லை, ஆட்டவில்லை, சும்மா நடந்தார். ஐந்தாறு நடைக்குள் சத்தமாக ஒன்று போனது. பெரிய ஆட்கள் விடுவதுபோல. அழுகை நின்றது. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"காத்துத்தானே ரீச்சர், போயிடும். எங்கட வெருகலில கச்சான் காத்து அடிக்கேக்க பாக்கோணும், கூரைத் தகரமும் இப்பிடித்தான் கத்தும். இனி நீங்கள் பிடியுங்கோ."

நான் பிடித்த விதம் சரிவரவில்லை. அவர் என் கையைத் தொட்டுத் திருத்தாமல், எதிரே நின்று தன் வெறுங்கையை மடக்கிக் காட்டினார். நான் பார்த்துச் செய்தேன். வந்தது.

அன்றைக்கு நன்றி சொன்னேன். உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது. என் முன்னால் வாங்கில் இருந்து படித்திருக்க வேண்டிய வயதுப் பெட்டை எனக்குச் சமிபாடு சொல்லித் தருகிறாளே என்றுதான் நினைத்தேன். அவர் போனதும் கொப்பியைத் திறந்து மறுபடி பத்து நிமிடம், பத்து நிமிடம் என்று கோடு கீறினேன். பிள்ளையின் வயிற்றைவிட என் கொப்பி எனக்குப் பெரிதாக இருந்தது. இதை எழுதும்போதே முகம் சுடுகிறது.

காற்று நிற்கவில்லை. எப்படி நிற்கும்? பிள்ளைக்கு இருபத்துநான்கு நாள் ஆனபோது, எனக்குக் குடிக்க என்று மச்சாள் காய்ச்சி வைத்திருந்த ஓமத் தண்ணியில் கொஞ்சத்தைச் சூப்பிப் போத்தலில் விட்டேன். தாய் குடித்தால் பாலோடு பிள்ளைக்குப் போகும் என்பது மச்சாளின் கணக்கு. நேரே பிள்ளைக்கே கொடுத்தால் வழி குறுக்குத்தானே என்பது என்னுடையது. குடித்தான், அடங்கினான், தூங்கினான். அடுத்த நாளும் கொடுத்தேன். பிறகு அழமுதலே கொடுத்தேன். போத்தலைக் கழுவி அலுமாரியில் சேலைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். என் கூறைச் சேலையில் நெடுநாள் ஓம மணம் இருந்தது.

முப்பதாம் நாள் மிஸ் மூன்றாம் முறை வந்தார். தரையில் இருந்து பிள்ளையைக் குனிந்து பார்த்தார். அவன் கொட்டாவி விட்டான். ஓமம் மணக்கும் பிள்ளையின் வாயருகே முகத்தை வைத்தவருக்குத் தெரியாமல் இருக்குமா? நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எவ்வளவு ரீச்சர்?"

"என்ன எவ்வளவு?"

"குடுத்தனீங்களோ எண்டு கேக்கேல்ல. எவ்வளவு எண்டு மட்டும்."

"பாலைத் தவிர ஒண்டும் இல்லை மிஸ். நான் படிப்பிக்கிறதே இதைத்தானே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் மறைத்ததற்குச் சோறும் இல்லை. அவர் "ஓம்" என்றார். பிறகு பேச்சை மாற்றினார். தனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், இரண்டரை வயது, வெருகலில் தகப்பனோடு நிற்கிறாள், தான் இங்கே அறை எடுத்து இருந்து கிழமைக்கு ஒருக்காப் போய்ப் பார்ப்பதாகச் சொன்னார். "வெருகல் பக்கம் இடமாற்றம் கேட்டிருக்கிறன். இந்த முறை வரும் எண்டு சொல்லுகினம். போன கிழமை போகேக்க என்னைக் கண்டிட்டுத் தகப்பனுக்குப் பின்னால ஒளிச்சவள்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எழும்பிப் போகும்போது, "எப்ப சொல்லோணும் எண்டு நினைக்கிறீங்களோ அப்ப சொல்லுங்கோ" என்று மட்டும் சொன்னார். எதை என்று சொல்லவில்லை.

துடக்குக் கழிந்த பிறகு, பிள்ளைக்கு முப்பத்தைந்தாம் நாள் கிளினிக். மண்டபம் நிறையத் தாய்மார். மிஸ் தராசடியில் நின்று பிள்ளைகளைத் தூக்கிப் போட்டு நிறை எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் கிண்ணியாவில் இருந்து தாய்வீட்டுக்கு வந்திருந்த ஒரு இளம் முஸ்லிம் பெண். அவளிடம் மிஸ், "தேன் எவ்வளவு?" என்று கேட்டார். அவள் வெட்கப்பட்டுச் சிரித்து, விரல் நுனியைக் காட்டி, "இவ்வளவுதான் மிஸ், ரெண்டு தரம்" என்றாள். "சரி, இனி வேண்டாம்" என்றார். முடிந்தது. அரை நிமிடம்கூட எடுக்கவில்லை.

என் மகனின் நிறை ஏறவே இல்லை. வயிறு தண்ணியால் நிறைந்தால் பால் எங்கே இறங்கும்? வளர்ச்சிப் புத்தகத்தில் மேலே போகவேண்டிய கோடு சரிந்து நின்றது. மேசையில் இருந்த டொக்டர் அம்மா அதைப் பார்த்துவிட்டுக் குரலை உயர்த்தினார்.

"பாலைத் தவிர என்ன குடுக்கிறீங்கள்?"

பின்னால் வரிசையில் என்னிடம் படித்த இரண்டு பெண்கள் மடியில் பிள்ளைகளோடு இருந்தார்கள். 'ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்' என்று அவர்களுக்கு எழுதிப் போட்டு, பாடமாக்கச் சொன்னவள் நான். இருவரும் என்னையே பார்த்தார்கள்.

"கொஞ்சம் ஓமத் தண்ணி, டொக்டர்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "மிஸ்தான் குடுக்கலாம் எண்டு சொன்னவ."

மண்டபத்தில் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன. ஆனாலும் எனக்கு ஒரு சத்தமும் கேட்காமல் போனது.

"மெய்யே மிஸ்?" என்றார் டொக்டர்.

மிஸ் பேனையோடு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. எவ்வளவு என்று கேட்கிறபோது பார்ப்பாரே, அதே பார்வை. நான் பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்தேன்.

"நான் விளங்கிறமாதிரிச் சொல்லேல்லப் போல, டொக்டர்" என்றார்.

டொக்டர் அத்தனை பேருக்கு முன்னாலும் அவரை ஏசினார். "படிச்ச ஆளுக்கே உங்களால வடிவாச் சொல்ல ஏலாட்டி, மற்றச் சனத்துக்கு என்னத்தைச் சொல்லுறீங்கள்?" என்றார். என்னைப் படித்த ஆள் என்றார். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். வாசலில் பின்னால் ஓடிவந்து அவர்தான் மறித்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"ரீச்சர், வாற கிழமையும் நிறை பாக்கக் கொண்டு வாங்கோ. என்னைப் பாக்க ஒருமாதிரி இருக்கும் எண்டு வராமல் மட்டும் விட்டிடாதேங்கோ. நான் தராசடியில நிக்கேல்ல, வேற மிஸ்ஸை நிக்கச் சொல்லுறன்."

அன்றே போத்தலை எறிந்தேன். கொப்பியையும் மூடினேன். அவர் சொன்னபடி ஒரு பக்கம் அவன் தானாக விடும்வரை கொடுத்தேன், முன்னங்கையில் குப்புறப் போட்டு நடந்தேன். நான்காம் நாளே பின்னேர அழுகை குறைந்தது. நன்றாக நினைவிருக்கிறது, அவன் கையில் அப்படியே தூங்கிப்போனபோது எனக்கு முதலில் வந்தது சந்தோசமில்லை. தேவையில்லாமல் ஒரு பெண்ணை மாட்டிவிட்டோமே என்ற எண்ணம்தான் வந்தது.

அந்தக் கிழமையே மருத்துவிச்சிகளுக்கு மேலே இருக்கிற பெரிய மிஸ் ஒருவர் எங்கள் வீட்டுக்கு விசாரிக்க வந்தார். கணவரும் மச்சாளும் நின்றார்கள். அந்தப் பெரிய மிஸ் கதிரையில் இருந்து, தாளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"மிஸ்தான் குடுக்கச் சொன்னவ, என்ன? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. அவவின்ர மாற்றம் இதிலதான் இருக்கு."

யோசிக்க நேரம் தந்தார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. முதற்பொய் பயத்தில் வாய்தவறி வந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவதற்கு அந்தச் சாட்டு இல்லை. நான் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி ஊற்றி, சீனி அளவாகப் போட்டுக் கலக்கி, தட்டத்தில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "ஓம், அவதான் சொன்னவ" என்றேன்.

"உந்தச் சின்னப் பெட்டையளை நம்பிப் பிள்ளையளைக் குடுத்தா இதுதான்" என்று மச்சாள் தொடங்கினார். "எங்கட குலக்கொழுந்தை ஓமத் தண்ணியில சாகக் குடுக்கப் பாத்தவள்." தான் காய்ச்சிய ஓமத் தண்ணிதான் அது என்று பாவம், அவருக்குத் தெரியாது.

பெரிய மிஸ் போன பிறகு கணவர் மெல்லக் கேட்டார். "அந்தப் பிள்ளை அப்பிடிச் சொல்லியிருக்குமோ? அண்டைக்கு எனக்கும் பால் மட்டும் எண்டுதானே சொன்னது."

"அப்ப நான் பொய்யே சொல்லுறன்?" என்று சீறினேன். அவர் முற்றத்துக்குப் போய்விட்டார். கள்ளனுக்குத்தான் கோபம் முந்தி வரும்.

நாற்பத்திரண்டாம் நாள், வரவேண்டிய கடைசி முறை அவர் வந்தார். வரமாட்டார், வேறு ஆளை அனுப்புவார் என்று நம்பியிருந்தேன். ஸ்கூட்டிச் சத்தம் கேட்டது. கிணற்றடிக்குப் போனார், கையைக் கழுவினார், உதறினார், வந்து தரையில் இருந்தார். ஒன்றும் மாறவில்லை. பிள்ளையின் வயிற்றை இரண்டு விரலால் மெல்ல அமத்திப் பார்த்து, "மெத்தெண்டு இருக்கு. காத்து இல்லை. கெட்டிக்காரி ரீச்சர் நீங்கள்" என்றார்.

எதையாவது கதைக்கவேண்டும் என்று, "மாற்றம் வந்திட்டுதோ?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என் வாயை நானே பொத்தவேண்டும்போல் இருந்தது.

"இல்லை ரீச்சர். விசாரணை ஒண்டு முடியட்டுமாம்."

யாருடைய விசாரணை என்று அவர் சொல்லவில்லை. பிள்ளையின் காலைப் பிடித்துச் சைக்கிள் மிதிப்பதுபோல் மடக்கி நீட்டிக்கொண்டே, என்னைப் பாராமல் கேட்டார்.

"எவ்வளவு குடுத்தனீங்கள் ரீச்சர்? நான் எழுதமாட்டன், ஆருக்கும் சொல்லவும் மாட்டன். நிறை ஏன் நிண்டது எண்டு எனக்கு விளங்கோணும். நான் சொன்னதில பிழையோ, இல்லாட்டி வேற ஏதுமோ எண்டு தெரிஞ்சாத்தான் அடுத்த பிள்ளைக்குச் சொல்லலாம்."

வீட்டில் வேறு யாரும் இல்லை. அவரும் நானும் பிள்ளையும்தான். உண்மை சொல்ல எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தார். நான் ஒரு அடி வைத்திருந்தால் போதும்.

"ஏதோ துளிதான்" என்றேன். "உண்மையில ஒண்டுமே இல்லை எண்ட மாதிரித்தான்."

"ஓம்" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்ன சொல்.

மூன்று மாதம் கழித்து எங்கள் பகுதிக்கு வேறு மிஸ் வந்தார். பழையவருக்கு மாற்றம் வந்துவிட்டதாம். வெருகலுக்கு அல்ல. நேர் எதிர்த் திசையில், வடக்கே, வெருகலுக்குப் போக இரண்டு பஸ் மாறவேண்டிய ஓர் இடத்துக்கு. என் ஒரு சொல்லால்தானா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதும்போதே கை நிற்கிறது. பிறகு ஒரு வருடம் வெருகல் முருகன் கோயில் திருவிழாவுக்குப் போனோம். சனத்துக்குள் ஒவ்வொரு இளம் பெண்ணின் முகத்தையும் பார்த்தேன். தேடினேன் என்று சொல்ல ஆசைதான். எதிர்ப்பட்டுவிடக் கூடாது என்றுதான் பார்த்தேன்.

மகனுக்கு இப்போது எட்டு வயது. போன மாதம் எங்கள் பாடசாலைக்குப் புதிதாக வந்த சங்கீத ரீச்சருக்குப் பிள்ளை கிடைத்தது. பார்க்கப் போனேன். பின்னேரம். முகம் சிவந்து, முழங்கால் மடங்கி, அதே வீரிடல். தாய் கண் கலங்கி நின்றாள். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து, என்னை அறியாமலே தரையில் இருந்தேன். பிள்ளையை முன்னங்கையில் குப்புறப் போட்டுக்கொண்டு கேட்டேன்.

"எவ்வளவு குடுக்கிறீர் பிள்ளை? குடுத்தீரோ எண்டு கேக்கேல்ல."

அவள் பொலபொலவென்று அழுதுவிட்டாள். "ஒரு நாளைக்கு ஒரு தரம், ஒரு தேக்கரண்டி சீனித் தண்ணி, ரீச்சர். ரெண்டு நாளாத்தான்." பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீங்களும் குடுத்தனீங்களோ?" என்று கேட்டாள்.

"ஓமத் தண்ணி" என்றேன். "ஒரு நாளைக்கு நாலு தரம். ஒவ்வொரு தரமும் இரண்டு அவுன்ஸ். பதினொரு நாள்."

எட்டு வருடம் கழித்து முதன்முதலாக அந்தக் கணக்கைச் சொன்னேன். அன்று கேட்டவரிடம் அல்ல.

"ஐயோ, அவ்வளவோ! உங்கட மிஸ் ஏசேல்லையோ?"

"இல்லை. அவ ஏசமாட்டா."

அதற்கு மேலே சொல்லவேண்டியதைச் சொல்லாமல், பிள்ளையோடு எழுந்து நடந்தேன். அந்தப் பிள்ளைக்கு என் கையில் காற்றுப் போனது. எல்லோரும் சிரித்தார்கள். "ரீச்சருக்கு நல்ல கை" என்றார்கள். அவளுடைய கணவர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அன்றைக்குப் பெரிய மிஸ்ஸுக்கு நான் ஊற்றியதுபோல, சீனி அளவாகப் போட்டிருக்கும். என்னால் குடிக்க ஏலாமல் போய்விட்டது.